குமாரனும் சுதனும்

அந்தக் காலையில் நான் குசினிக்குள் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மாரி தொடங்கியிருந்தது. மண்ணெண்ணெய் கண்ணால் காணக் கிடைக்காத வருடங்கள் அவை. அடுப்புப் பற்ற வேண்டுமென்றால் ஊதித்தான் ஆகவேண்டும். வேலைக்குப் போக வெளிக்கிட்டு வந்த மச்சாள், என் கையிலிருந்த ஊதுகுழலை வாங்கி இரண்டு தரம் ஊதினாள். நெருப்புப் பிடித்துக்கொண்டது. குனிந்தபடியே சொன்னாள்: “மச்சாள், நான் கலியாணம் கட்டப் போறன். ஆள் வேதம்தான். ஆனா எங்கட வேதமில்லை.”

மச்சாள் என் கணவரின் தங்கை. அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு நான் மச்சாள், எனக்கு அவள் மச்சாள். அவள் சொன்னதன் கனம் வெளியாட்களுக்கு உடனே விளங்காது. எங்கள் அயலில் இருந்த இந்துக்கள் கிறிஸ்தவர்கள் எல்லோரையும் வேதக்காரர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆனால் புரட்டஸ்தாந்துக்காரராகிய எங்களுக்கும் கடற்கரைக் கத்தோலிக்கருக்கும் இடையில் இருந்த தூரம், பரந்தனுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலான தூரத்தைவிடக் கூடியது.

பரந்தனில் தொழிற்சாலை ஓடிய காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து, பிறகு கொஞ்சம் வயலும் வாங்கி அங்கேயே தங்கிவிட்ட சில குடும்பங்கள்தான் எங்கள் சபை. ஓடு வேய்ந்த சிறிய கோயில். உள்ளே சுரூபமோ படமோ கிடையாது. வெள்ளைச் சுவரில் ஒரு மரச்சிலுவை மட்டும். தொழிற்சாலை நின்று, சண்டை வந்து, ஆட்கள் கொழும்பென்றும் கனடாவென்றும் போகப்போக, ஒன்பது குடும்பங்கள் எஞ்சின. பாதை திறந்திருந்தால் மாதத்தில் ஒருமுறை போதகர் வருவார். வராத ஞாயிறுகளில் சபை மூப்பரான என் கணவர் செபம் வாசிப்பார். ஆறு பேர் வந்தாலும் ஆராதனை மணிக்குத் தொடங்கி மணிக்கு முடியும். அறுப்புப் பண்டிகையன்று முதல் விளைந்த நெல்லும் பூசணிக்காயும் பீடத்தின் முன் குவிந்திருக்கும், கால் கட்டிய கோழிகள் பிரசங்கத்துக்கு நடுவில் கொக்கரிக்கும், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். அப்படி ஒரு ஒழுங்கு. எங்களுக்குள் உரக்கக் கதைக்காத ஒரு பயமும் இருந்தது. இன்னும் எத்தனை வருடத்துக்கு இந்தக் கோயில் வாங்குகளில் உட்கார ஆட்கள் இருப்பார்கள் என்ற பயம்.

மச்சாள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தாள். உயரமானவள், அண்ணனின் பெரிய சைக்கிளைத்தான் ஓடுவாள். கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அவளே. சபைக்குள் அவளுக்கேற்ற ஆண்கள் எல்லாம் கடல் கடந்திருந்தார்கள். ‘ஆண்டவருக்குச் சித்தமானால்’ என்று சபைப் பெண்கள் சொல்லிச் சொல்லியே அவளுக்கு முப்பத்துநான்கு வயதாகிவிட்டது.

மச்சாள் சொன்ன ஆள் கருவாடு ஏற்றிக்கொண்டு பரந்தன் சந்தைக்கு வருகிறவர். நந்திக்கடல் ஓரம் அவர் ஊர். ஒருநாள் மலேரியாக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, மச்சாள் கொடுத்த குளிசையை அங்கேயே வாயில் போட்டுச் சப்பியிருக்கிறார். “விழுங்கச் சொன்னா சப்புறியள். கைக்கேல்லையோ?” என்று கேட்டாளாம். “கைக்குது. ஆனா நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டியள், துப்ப வெக்கமாக் கிடந்தது” என்றாராம். இதை எனக்குச் சொல்லும்போது மச்சாள் அடுப்பைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதுவரை கண்டதில்லை.

“நீங்கள் மாறவேணுமாமோ?” என்று கேட்டேன்.

“நான் மாறத் தேவையில்லையாம். பிள்ளையள் பிறந்தா தங்கட கோயில்ல ஞானஸ்நானம் குடுக்கிறதெண்டு சத்தியம் பண்ண வேணுமாம். அண்ணைக்கு அதுதான் பொறுக்காது.”

பொறுக்கவில்லைத்தான். என் கணவர் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, “பிறக்காத பிள்ளையளை எழுதிக் குடுத்திட்டோ போகப் போறாய்?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குடும்பத்தில் இனி ஒரு பிள்ளை பிறப்பதென்றால் அது மச்சாளுக்குத்தான். அவளுக்கும் அது தெரியும். “எழுதிக் குடுக்கேல்லை அண்ணை. எண்டைக்கும் அது என்ர பிள்ளைதான்” என்றாள். அதற்குமேல் இருவரும் கதைக்கவில்லை. சபையிலும் விஷயம் பரவியது. போகிறவர்களைச் சபை ஒருபோதும் ஏசாது, குரலைத் தாழ்த்திக்கொள்ளும். மச்சாள் பாட்டு எடுத்தால் பின்வரிசையிலிருந்து சேர்ந்து வரும் குரல்கள் அந்த மாதங்களில் மெலிந்து போயின.

என் கதையை இங்கே சொல்லாமல் முடியாது. நான் இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்த இந்துக் குடும்பத்துப் பெண். என் கணவரைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் பெற்றேன். அன்றைக்குச் சபை முழுவதும் வந்திருந்தது. கீர்த்தனை பாடினார்கள், கேக் வெட்டினார்கள், ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். என் அப்பா வரவில்லை. அன்று வயலுக்குப் போய்விட்டார் என்று தம்பி சொன்னான். அதன்பிறகு அப்பா எங்கள் வீட்டுக்கு நெல் கொண்டுவந்து இறக்குவார், தண்ணீர் குடிப்பார், மருமகனிடம் மழையைப் பற்றிக் கதைப்பார், போய்விடுவார். நான் பொட்டு வைப்பதை விட்டேன். முகம் கழுவித் துடைத்தவுடன் விரல் மட்டும் கனகாலம் நெற்றிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது.

ஆகவே மச்சாளின் கலியாணப் பேச்சில் என் கணவர், “ஒராள் போனா ஒராள் இல்லை. அந்த ஆளுக்குப் பிறகு வரவேண்டிய எல்லாரும் போகினம்” என்று சொன்னபோது எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

“நான் வரேக்க என்ர அப்பாவுக்கும் அப்பிடித்தானே இருந்திருக்கும்?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “அது வேற” என்றார். எப்படி வேறு என்று அவர் சொல்லவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

கலியாணத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து நான் ஒருத்திதான் போனேன். கடற்கரைக் கோயில் நிறைய ஆட்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு சுரூபம், மாலை, மெழுகுதிரி. எல்லோரும் முழந்தாளிட்ட இடத்தில் மச்சாள் நிமிர்ந்து நின்றாள்; மாப்பிள்ளையின் தாய் அதைக் கண்டும் காணாததுபோல் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். பாட்டு வந்தபோது அது எங்களுக்கும் தெரிந்த மெட்டு. சொற்கள் மட்டும் வேறு. மச்சாள் எங்கள் சொற்களை வைத்துப் பாடினாள். அவ்வளவு பெரிய சத்தத்துக்குள்ளும் எனக்கு அவள் குரல் தனியே கேட்டது. நான் வீடு திரும்பியபோது என் கணவர் வாசலில் நின்றார். “நல்லாயிருந்ததோ?” என்று கேட்டார். “ஓம், நல்லாயிருந்தது” என்றேன். உள்ளே போய்விட்டார்.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சிப் பக்கம் சண்டை வந்து, ஷெல் விழ விழ நாங்கள் பரந்தனை விட்டு ஓடினோம். சபை ஒரே நாளில் சிதறியது. நாங்கள் இருவரும் தெரு ஓரத்து மரமொன்றின் கீழ் படங்குச் சீலை கட்டி, மழையில் நனைந்து கிடந்தோம். நாலைந்து நாளில், சேறு அப்பிய சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒருவர் ஒவ்வொரு மரமாகத் தேடி வந்தார். மச்சாளின் கணவர். என் கணவர் அவரோடு அதுவரை முகம் கொடுத்துக் கதைத்ததில்லை.

“மச்சான், வாங்கோ. எங்கட வளவுக்குள்ள ஒரு கொட்டில் போட்டிருக்கு” என்றார் அவர்.

“உங்களுக்கு ஏன் கரைச்சல்?”

“போட்டாச்சு. நீங்கள் வராட்டி ஆடுதான் கட்டவேணும்.”

அப்படித்தான் நாங்கள் நந்திக்கடலோரம் போய்ச் சேர்ந்தோம். ஞாயிறு காலையில் அந்த வீட்டார் பூசைக்குப் போவார்கள். கொட்டிலுக்குள் நாங்கள் இருவரும் செபம் வாசிப்போம். மச்சாள் புருசனோடு பூசைக்குப் போய்த் திரும்பி வந்து, சீலைகூட மாற்றாமல் எங்களோடும் இருப்பாள். அண்ணன் வேதம் வாசிக்க, தங்கை பாட்டு எடுப்பாள். மற்ற நேரங்களில் இருவருக்கும் இடையில் உப்பு, தண்ணி, மழை என்ற அளவில்தான் பேச்சு.

அடுத்த மாரியில் மச்சாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிந்திய வயதில் பிறந்த பிள்ளை; சின்னஞ்சிறியது. ஞானஸ்நானத்துக்கு நாள் பார்த்திருந்தார்கள். ஆனால் அவர்கள் கோயில் சுவாமியார் வேறொரு இடத்துக்கு அகதிகளைப் பார்க்கப் போனவர், வெள்ளம் பாதையை அறுத்ததால் திரும்ப முடியாமல் நின்றுவிட்டார். அந்தக் கிழமையில்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மத்தியானம் போல உடம்பு விறைத்து, கண் மேலே செருகியது. மச்சாளின் கணவர் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உழவு இயந்திரம் தேடி ஓடினார். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அவருடைய தாய் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில் பாதி சிந்திவிட்டது. எங்கள் கொட்டில் வாசலில் நின்று என் கணவரைக் கூப்பிட்டார். “தம்பி, சாகக் கிடக்கிற பிள்ளைக்கு ஆரும் ஞானஸ்நானத் தண்ணி ஊத்தலாம். எனக்கு நாக்குத் தடக்குது. நீர் வாசிக்கிற ஆள். வாரும்.”

என் கணவர் அசையாமல் நின்றார். அவருடைய மனம் எனக்குத் தெரியும். எங்கள் முறையில் போதகரன்றி வேறொருவர் அதைச் செய்வதில்லை. மூப்பர் அதற்குத் துணிவதில்லை. அதைவிட, தங்கை சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்ட பிள்ளை அது. தான் கை வைத்தால் சமயம் பார்த்துப் பறித்தான் என்று ஆகிவிடாதா? கை வைக்காமல் நின்றால்? மச்சாள் பிள்ளையை மடியில் வைத்தபடி நிமிர்ந்தாள். அவள் அழவில்லை.

“அண்ணை, பிள்ளை எந்தப் பக்கமெண்டு பிறகு பாப்பம். இப்ப பேரை வைச்சு ஊத்துங்கோ.”

“என்ன பேர்?”

“அம்மாட பேர்.”

அவர் முழந்தாளிட்டார். தங்கள் தாயின் பெயரைச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று மூன்று தரம் தண்ணீர் ஊற்றினார். ஒரு சொல்லும் தவறவில்லை. சேற்றில் உழவு இயந்திரம் வருகிற சத்தம் கேட்டது. அதன் இழுவைப் பெட்டிக்குள் படங்கைப் பிடித்துக்கொண்டு மச்சாளோடு ஏறியது என் கணவர்தான். ஆஸ்பத்திரியில் அவர்கள் பத்து நாள் இருந்தார்கள். பிள்ளை பிழைத்தது.

பாதை திறந்து சுவாமியார் வந்ததும் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். என் கணவரும் வந்தார். சுவாமியார் இளம் வயதுக்காரர், வெயிலில் கறுத்துப் போயிருந்தார். தண்ணீர் ஊற்றியது ஆர் என்று கேட்டார்.

“நான்தான். நான் உங்கட சபையில்லை” என்றார் என் கணவர்.

“என்ன சொல்லி ஊத்தினீங்கள்? ஒருக்காச் சொல்லுங்கோ.”

என் கணவர் சொன்னார். பின்னால் நின்ற பிள்ளையின் பாட்டியார் மெதுவாக, “சுவாமி, இவர் எங்களைப்போலச் சுதன் எண்டு சொல்லேல்லை, குமாரன் எண்டெல்லோ சொன்னவர்” என்றார்.

“ரெண்டும் ஒராள்தான், ஆச்சி” என்றார் சுவாமியார். பிறகு என் கணவரைப் பார்த்து, “நான் இனித் தண்ணி ஊத்த ஏலாது. அது முடிஞ்சுது. ஒருக்கா ஊத்தினாக் காணும். எண்ணெய் மட்டும் பூசுறன். நீங்கள் சாட்சியா நில்லுங்கோ” என்றார்.

கலியாணத்துக்கு வராத மனிதர் அன்று மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சாள் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

மழை ஓய்ந்ததும் ஒருநாள் அவராகவே, “உம்மட அப்பாவை ஒருக்காப் பாத்திட்டு வருவம்” என்றார். அப்பா அப்போது இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் தம்பியோடு இருந்தார். முழுநாள் சைக்கிள் ஓட்டம். அப்பா மெலிந்திருந்தார். பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தார். குடித்து முடித்த பிறகு என் கணவர், “மாமா, உங்கட மகளுக்கு ஞானஸ்நானம் குடுக்கேக்க நான் உங்களை ஒரு சொல்லுக் கேக்கேல்லை” என்றார்.

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். “கேட்டிருந்தா ஓமெண்டிருப்பன், தம்பி” என்றார்.



என் கணவர் காலமாகிச் சில வருடங்களாகின்றன. சண்டை எல்லாம் முடிந்து நாங்கள் பரந்தனுக்குத் திரும்பியபின் எங்கள் கோயிலுக்குப் புதுக் கூரை போட்டார்கள். உள்ளே இருக்கிறவர்கள்தான் குறைவு. மச்சாள் குடும்பம் இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி மன்னாருக்குப் போய்விட்டது. பிள்ளை அங்கே கத்தோலிக்கப் பையனைக் கட்டி இருக்கிறாள். என் கணவர் பயந்தது நடந்துதான் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கடைசி வருடங்களில் அவருக்கு அது ஒரு பயமாக இருக்கவில்லை. மருமகள், அந்தப் பிள்ளை, போனில் கதைத்தால் போதும், அன்றைக்கு இரண்டு கவளம் கூடச் சாப்பிடுவார்.

மச்சாளுக்கு இப்போது முழங்கால் ஏலாது. பூசையில் எல்லோரும் முழந்தாளிடும்போது நிற்பதற்கு இனி ஒரு சாட்டு இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானத்துக்கு முன் போன் எடுத்து, என்ன பாட்டுப் படித்தீர்கள், ஆர் எடுத்துக் கொடுத்தது என்று விசாரிப்பாள். போன ஞாயிறும் எடுத்தாள்.

“எத்தினை பேர் வந்தவை, மச்சாள்?”

“எட்டுப் பேர்.”

“என்னைச் சேர்க்காமலோ?”

“சேர்த்துத்தான்” என்றேன்.