F1 பட்டனில் ஒரு சந்தனப் பொட்டு

இன்று காலை கீபோர்டைப் பார்த்து அழுதேன், மக்களே!

நாற்பத்தாறு வயதில் பாலர் பள்ளி ஆசிரியை டிப்ளோமா படிக்கிறேன். கடைசி அசைன்மெண்ட்டை இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். எழுதியதெல்லாம் எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. (பென்டிரைவில் போட்டு வைக்கவில்லையா என்று கேட்பவர்களை பிளாக் செய்துவிடுவேன்!)

நேற்று ஆயுத பூஜை. என் வீட்டுக்காரர் ஜெலுத்தோங்கில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறார். ஸ்பேனர், ஜாக் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துப் படைப்பது வருடா வருடம் அவர் வேலை. பூஜையன்று எதையும் தொடக்கூடாது என்று வீட்டுக் கம்ப்யூட்டரின் வயரையும் உருவிவிட்டார்.

இன்று காலை வயரைச் சொருகித் திறந்தால், வெறும் கறுப்புத் திரை! தேதியும் நேரமும் அழிந்துவிட்டதாம். (உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி எப்போதோ செத்துவிட்டது; வயரை உருவினால் எல்லாம் மறந்துவிடும்!) செட்டிங்கைத் திறக்க F1 அமுக்கச் சொல்லி ஆங்கிலத்தில் இரண்டு வரி.

அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

நூறு தடவை அமுக்கினேன். (கோவில் மணியைக்கூட இத்தனை தடவை அடித்ததில்லை!)

கெலுகோரில் இருக்கும் வகுப்புத் தோழி சல்மாவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, கீபோர்டு வயர கழட்டி பின்பக்கம் சொருவி பாருங்க. முன்பக்கம் சொருவுனா சில நேரம் வின்டோஸ் வந்தாதான் வேல செய்யும்."

மாற்றிச் சொருகினேன். அதே கறுப்புத் திரை. மணி பதினொன்று.

"சரி, கேப்ஸ் லாக் அமுக்குங்க. லைட் எரியுதா?"

"எரியுதுலா!"

"அப்ப கீபோர்டு உசுரோடதான் இருக்குக்கா. அந்த ஒரு பட்டன்தான் கோளாறு. நல்லா பாருங்க."

பதற்றத்தில் கண்ணாடியே போடவில்லை. போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். F1 பட்டனைச் சுற்றி மஞ்சளாக ஏதோ வழிந்து, காய்ந்து, இறுகிப் போயிருந்தது. நடுவில் சிவப்பு.

சந்தனம்! குங்குமம்!

"ஏங்க! இங்க வாங்க!"

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். "என்னா கலா?"

"கீபோர்டுல யாருங்க பொட்டு வச்சது?"

தலையைச் சொறிந்தார். "நான்தான். எழுத்து மேல வச்சா உனக்கு மறைக்கும். அதான் நீ அமுக்காத பட்டனா பாத்து வச்சேன். சந்தனம் கொஞ்சம் தண்ணியா போச்சு."

"கீபோர்டுக்கு எதுக்கு பொட்டு?"

"என்னா இப்படி கேக்குற? எனக்கு ஸ்பேனர்னா உனக்கு இதானே தொழில் சாமான்!"

அங்கேதான் அழுதேன்.

இரண்டு வருடமாக என் படிப்பைப் பற்றி இந்த மனுசன் ஒரு வார்த்தை பேசியதில்லை. வகுப்பு நேரத்தில் டிவி சத்தத்தைக் குறைப்பார், அவ்வளவுதான். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் பேசாமல் இருந்தேன். நான் அமுக்காத பட்டன் எது என்று தெரிய, எத்தனை நாள் என் பின்னால் நின்று பார்த்திருப்பார்!

"அழுவாதலா. இஞ்சினையே கழட்டி மாட்டுறவன், இது என்னா பெரிய விசயம்?"

இருப்பதிலேயே சின்ன ஸ்க்ரூ டிரைவரால் பட்டனை நெம்பி எடுத்தார். பழைய பல் பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டினார். திரும்ப மாட்டினார்.

"இப்ப அமுக்கு."

திறந்துகொண்டது! சல்மா போனில் சொல்லச் சொல்லத் தேதியையும் நேரத்தையும் சரிசெய்து, F10 அமுக்கி சேவ் செய்தேன். வின்டோஸ் வந்தது. பதினொன்று ஐம்பதுக்கு அசைன்மெண்ட் போய்ச் சேர்ந்தது. போனில் சல்மா போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

நன்றி சல்மா! நன்றி, வாய் திறக்காத என் வீட்டுக்காரரே!

இப்போது அவசரமாக ஓர் உதவி, மக்களே. கீபோர்டில் நிஜமாகவே யாரும் அமுக்காத பட்டன் எது?

சீக்கிரம் சொல்லுங்கள். பொட்டு இல்லாமல் மொட்டையாக இருக்கிறதாம். சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்திலேயே நிற்கிறார்!