உப்புப் பார்க்காத கீபோர்டு

எங்கள் ஓடைப்பட்டியில் சாமிக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் உப்புப் பார்க்க மாட்டார்கள். நாக்கில் பட்டுவிட்டால் எச்சில். எச்சிலைப் படைக்கக் கூடாது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் என் வீட்டில் அப்படித்தான். ஆனால் இந்த நியாயத்தைக் கொண்டுபோய் ஒரு கீபோர்டின் தலையில் கட்டிய மேதையை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் முருகன் கோயில் பஜனைக் குழுவின் தலைவர்தான் அவர்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். என் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று தேனியில் ஆபரேசன் செய்தார்கள். கதவுக்கு வெளியே நின்றபடி வேண்டிக்கொண்டேன். முருகா, இவள் எழுந்து நடந்தால், பங்குனி உத்திரத்தன்று உன் முன்னால் நின்று காவடிப் பாட்டின் பதினெட்டுக் கண்ணியையும் என் வாயாலேயே பாடுகிறேன் என்று. எழுந்து நடந்தாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டே பாட்டை மனப்பாடம் செய்தேன். குழுவின் ஆர்மோனியக்காரர் இரண்டு மாதம் கூடவே உட்கார்ந்து, என் கட்டைக் குரலுக்குத் தக்கபடி சுதி பிடித்துக் கொடுத்தார்.

உத்திரத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தலைவரின் மருமகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய கீபோர்டு வந்து இறங்கியது. அன்றைக்கே தலைவர் ஆர்மோனியக்காரரைக் கூப்பிட்டு, "நீங்க இனிமே சும்மா உக்காந்து கேளுங்கண்ணே, வெரலுக்கு ரெஸ்ட்டு குடுங்க" என்றார். அந்த மனுசன் உத்திரத்தன்று குமுளியில் ஒரு கோயிலில் வாசிக்கச் சம்மதம் சொல்லிவிட்டார். சரி, கீபோர்டை யார் வாசிப்பது? தலைவரேதான். மருமகன் லீவில் வந்தபோது வேறொரு கீபோர்டில் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தாராம். இரண்டு நாளில் என் பம்புசெட் மோட்டாரே எனக்குப் பிடிபடவில்லை.

பெட்டியைப் பிரிக்கவில்லை. மஞ்சள் நூல் சுற்றி, குங்குமம் வைத்து, சாமி காலடியில் வைத்தாயிற்று. மைக்செட்காரர் ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, ஒருவாட்டி சொருகிப் பாத்துக்கிருவமா? வெளிநாட்டுச் சாமானா இருக்கு."

"ஏலே, நீ பொங்கலுக்கு உப்புப் பாப்பியா?"

"அது பொங்கலுண்ணே. இது கரண்டு."

"எல்லாம் சாமிக்கு வந்ததுதான். மொதச் சத்தம் முருகன் காதுலதான் விழுகணும். நீ தட்டிப் பாத்தா எச்சியாயிரும்."

சுற்றி இருந்தவர்கள் ஆகா என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், மறைக்க மாட்டேன். பக்தியாகப் பேசுகிறாரே, நாம் குறுக்கே பேசினால் பாவம் என்று நினைத்துவிட்டேன். உப்புப் பார்க்காத எங்கள் பெண்கள் அரிசியில் கல் பொறுக்காமல் உலையில் போட்டதில்லை என்பது அந்த நேரத்தில் என் மண்டைக்கு எட்டவில்லை.

உத்திரத்தன்று காலை பத்தரைக்கு நல்ல நேரம். தலைவர் பட்டு வேட்டியில் வந்து, சூடம் காட்டி, நூலை அறுத்துப் பெட்டியைப் பிரித்தார். கீபோர்டு பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் பிளக்கின் முள் இரண்டும் தட்டை. எங்கள் கோயில் சாக்கெட்டில் இருப்பதோ உருண்டைத் துளை.

"அண்ணே, இது நம்ம ஊரு கரண்டுக்கு உள்ளதில்ல. அவுக ஊருல பாதிக் கரண்டுதான் ஓடுமாம்" என்றார் மைக்செட்காரர்.

"பாதியில ஓடுறது முழுசுல இன்னும் நல்லா ஓடும். நேரம் போகுது, சொருகு."

"நான் சொருக மாட்டேன். நீங்களே சொருகிக்கங்க."

சொருகினார். பிளக்கை அறுத்து, பல்லால் வயரைச் சீவி, இரண்டு தீக்குச்சியை வைத்துச் சாக்கெட்டில் இறுக்கினார். எச்சில் படக்கூடாத பொருள்! பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, சுவிட்சைப் போடச் சொல்லிக் கை காட்டினார்.

டப்பென்று ஒரு சத்தம். முருகன் காதில் விழுந்த முதல் சத்தம் அதுதான். புகை சுருண்டு எழும்பியது. முன்வரிசைப் பெண்கள் சாம்பிராணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோயில் பியூஸும் சேர்ந்து போய், மைக்கும் விளக்கும் அணைந்தன.

தலைவர் பதறவே இல்லை. "ஊருத் திருஷ்டி கழிஞ்சிருச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க நேர்த்திய அடுத்த வருசம் வச்சுக்கிரலாம்ணே. மாப்ளைட்ட சொல்லி வேற வரவழைச்சிருவோம்" என்றார்.

பின்னாலிருந்து என் மனைவி எழுந்தாள். "ஏண்ணே, நான் ஆபரேசனுக்குக் கெடந்தப்ப, அடுத்த வருசம் பாப்போம்னு முருகன் சொல்லுச்சா?" என்று அவரிடம் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினாள். "நீங்க பாடுங்க."

பாடினேன். சுதி இல்லை, மைக் இல்லை. எடுத்ததே உச்சத்தில். நான்காவது கண்ணியில் குரல் பிளந்தது. பெண்கள் சிரித்தார்கள். இறக்கிப் பிடித்தேன், ஒன்பதாவதில் மறுபடியும் கிழிந்தது. பாட்டு முழுக்கத் தலைவர் கீபோர்டைக் கவிழ்த்து உலுக்கிக்கொண்டிருந்தார். வேர்த்து ஊற்ற எப்படியோ முடித்தேன். தீபாராதனை ஆனது. புதுப்பொருள் கொடுத்தவருக்கு மரியாதை என்று சாமி கழுத்து மாலையைத் தலைவருக்குப் போட்டார்கள். கருகிய கீபோர்டுக்குக்கூட ஒரு முழம் பூ. அந்த மாலையோடு பந்திக்கு முதல் ஆளாய்ப் போனவரும் அவர்தான்.

எல்லோரும் சாப்பாட்டுக்கு ஓடினார்கள். நான் திருநீறு பூசிக்கொண்டு கிளம்பினேன். மனைவி நகரவில்லை.

"பதினேழுதான் பாடிருக்கீக."

"பதினெட்டும் பாடுனேனே!"

"நான் வெரல் விட்டு எண்ணிக்கிட்டே இருந்தேன். தொண்ட கிழிஞ்சப்ப ஒரு கண்ணிய முழுங்கிட்டீக."

மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒன்பதுக்குப் பிறகு நேராகப் பதினொன்றுக்குத் தாவியிருந்தேன். திரும்பிப் போய் முருகன் முன்னால் நின்றேன். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தி, அடித் தொண்டையில் தொடங்கினேன். பத்தாவது கண்ணி முடிகிற வரைக்கும் அவள் கை கூப்பி நின்றாள். அதன் பிறகுதான், "வாங்க, சாப்பிடப் போவோம்" என்றாள்.