அப்பா இலைக்கு ஊற்றிய விஸ்கி

விஸ்கியைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒரே ஒரு பாட்டில்தான் என் யோக்கியதை. அதற்குப் பிறகு நல்லது, கெட்டது, விலை கூடியது என்று எத்தனையோ வந்து போய்விட்டன. கல்யாண வீடுகளில் பந்தாவாக நீட்டுவார்கள். வாங்கிக் குடித்துவிட்டு "பேஷ்" என்று சொல்லிவைப்பேன். நன்றி சொல்ல வேண்டுமென்றால் அந்த ஒரு பாட்டிலுக்குத்தான் சொல்வேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் அது. நான் மலாக்கா ஆஸ்பத்திரியில் டிரெஸராக இருந்தேன். புண் கழுவுவது, மருந்து வைப்பது, கட்டுப் போடுவது, கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் என் வேலை. காலில் ஆறாத புண்ணோடு ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஸ்காட்லாந்துக்காரர். யாராவது அவரை இங்கிலீஷ்காரர் என்று சொல்லிவிட்டால் கால் வலியை மறந்து சண்டைக்கு எழுந்துவிடுவார். கொடி மாறிய பிறகு அவருடைய கம்பெனி அவரை ஊருக்குத் திரும்பச் சொன்னது. புண்ணும் அதற்குள் நல்லபடியாக ஆறிவிட்டது. கடைசி நாள் வந்தபோது காகிதத்தில் சுற்றிய ஒரு பாட்டிலை என் மேஜைமேல் வைத்தார்.

கடையில் விற்கிற கலவை விஸ்கி இல்லை, ஊரிலிருந்து கப்பலில் வரவழைத்தது, ஒரே ஆலையில் காய்ச்சியது என்றார். சிங்கிள் மால்ட் என்ற பேரெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய ஊர் ஒரு தீவாம், அங்கே விறகு கிடையாதாம். சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டி, காயவைத்து, அதையே எரிப்பார்களாம். அந்தப் புகையில் பார்லியை உலர்த்தித்தான் இதைக் காய்ச்சுகிறார்களாம். ஐஸ் போடாதே, கொஞ்சம் தண்ணீர் விடு, அவசரப்படாதே என்று சொல்லிவிட்டுக் கை கொடுத்துவிட்டுப் போனார். மண்ணை எரிக்கிற கதையை வீட்டில் சொன்னபோது என் மனைவிக்குப் பாவமாகிவிட்டது. அவ்வளவு ஏழைகளா அவர்கள் என்று கேட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால் திறந்தேன். கண்ணாடித் தம்ளரில் விட்டால் வெளுத்த தேத்தண்ணி நிறம். ராஜபானம் என்று நினைத்து மூக்கருகே கொண்டுபோனேன். ஆஸ்பத்திரி! டிஞ்சர் அயோடின், கட்டுத்துணி, வார்டு கழுவின தரை, எல்லாம் சேர்ந்து ஒரு தம்ளருக்குள். காலையில்தான் தேய்த்துத் தேய்த்துக் கையைக் கழுவிவிட்டு வந்திருந்தேன். ஒரு மடக்கு குடித்தேன். தொண்டை எரிந்தது, கண்ணில் நீர் வந்தது, துரை மேல் கோபமும் வந்தது. இத்தனை மாதம் புண் கழுவினதற்கு மிச்ச மருந்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். மூடி ஓரமாக வைத்துவிட்டேன்.

அடுத்து நடந்ததற்கு என் மனைவியைக் குறை சொல்ல முடியாது. அக்கம்பக்கத்துக் கட்டிகளுக்கும் சிரங்குகளுக்கும் நான் எதையாவது பாட்டிலில் கொண்டுவருவது வழக்கம். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தவள், அதைக் கொண்டுபோய் பினாயிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து வாளித் தண்ணீரில் கொஞ்சம் கலந்து தரையையும் துடைத்திருக்கிறாள். நான் வேலை முடிந்து வந்து வாசலில் நின்று முகர்ந்தேன். நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கில் மால்ட் விஸ்கியால் துடைத்த தரை என் வீட்டுத் தரை ஒன்றாகத்தான் இருக்கும். எறும்பு மட்டும் ஒரு வாரம் வரவில்லை.

என் மாமனார் நாலு வீடு தள்ளி இருந்தார். பிராந்திக்காரர். கேள்விப்பட்டதும் ஓடிவந்து ஒரு வாய் வாங்கிக் குடித்தார். முகம் கோணியது. இதைக் குடிக்க வேண்டுமா, முட்டியில் தடவ வேண்டுமா என்று என்னிடம் மலாயில் கேட்டார். என் மனைவி வீட்டார் மலாக்கா செட்டிகள். பல தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்த வியாபாரிகளின் வழி. சிவனைக் கும்பிடுவார்கள், விபூதி பூசுவார்கள், பொங்கல் வைப்பார்கள், பேசுவது மட்டும் மலாய். பெண்கள் சாரோங் கெபாயா கட்டுவார்கள். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்த தமிழன். கோயில் திருவிழாவில் பார்த்து, ஆசைப்பட்டு, என் அரைகுறை மலாயிலேயே பெண் கேட்டுக் கல்யாணமும் செய்துகொண்டேன்.

பாட்டிலைக் கொட்டிவிட மனசு வரவில்லை. துரை சொன்னபடி தண்ணீர் விட்டுப் பார்ப்போமே என்று மறுபடியும் ஆரம்பித்தேன். ஒரு கரண்டித் தண்ணீர் விட்டதும் அந்தச் சரக்கு கோபம் தணிந்த ஆள் மாதிரி பேச்சுக்கு வந்தது. முதலில் அதே மருந்து வாடை. பொறுத்திருந்தால் அதற்குப் பின்னால் உப்பு, கிளேபாங் கடற்கரையில் வலை காய்கிறபோது வருமே, அந்த உப்பு. விழுங்கின பிறகு நாக்கின் அடியில் ஒரு இனிப்பு வரும். அதற்கும் பிறகு, நெருப்பு அணைந்த அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல ஒரு கதகதப்பு நெஞ்சில் நிற்கும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு சின்ன அளவு. ஆஸ்பத்திரி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. புகை மட்டும் போகவில்லை. எங்கேயோ பழகின புகை என்று தோன்றும், எங்கே என்று பிடிபடாது. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன்.

இனி என் அம்மா. தோட்டத்து லயத்து வீட்டில் என் தங்கையோடு இருந்தாள். அப்பா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி எங்களைப் பார்க்க வருவாள். வந்து வாசற்படியில் உட்காருவாள். சேலைத் தலைப்பால் விசிறிக்கொள்வாள். கொண்டுவந்த பாட்டில் தண்ணியைக் குடிப்பாள். சாயங்கால பஸ்ஸில் போய்விடுவாள். எங்கள் வீட்டில் ஒரு பருக்கை சாப்பிட்டதில்லை. என் மனைவி ஒவ்வொரு தடவையும் விடிகாலையிலேயே எழுந்து மீன் வாங்கி, மசாலா அரைத்து, சமைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் அந்தச் சோறு ஆறிப்போகும். பஸ் போன பிறகு சமையற்கட்டில் போய் அழுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் முழித்துக்கொண்டு நிற்பேன்.

அம்மா கெட்டவள் இல்லை. மருமகள் மேல் வெறுப்பும் இல்லை. அப்பா போன நாளிலிருந்து, சாப்பிட உட்கார்ந்தால் முதல் பிடியை அவருக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். அவர் வந்து அதை ஏற்றுக்கொள்கிறார் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் கிடையாது. நான் ஒரு நாள் பொறுமையிழந்து, இந்த வீட்டுச் சோற்றில் என்ன குறை என்று கத்திவிட்டேன். அப்போதுதான் சொன்னாள்.

"சோத்துல கொற இல்லய்யா. இங்க சாமி கும்பிடறதுகூட மலாயிலதான். பாஷ தெரியாத எடத்துக்கு அவரு எப்படி வருவாரு? வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருவாரு. அவரு சாப்பிடாத ஊட்டுல நான் எப்படிச் சாப்பிடுவேன்?"

புண்ணுக்கு மருந்து போடத் தெரியும், இதற்கு எனக்குத் தெரியவில்லை. அம்மா சொன்னதை மலாயில் மாற்றி மாமனாரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. நியாயமான கவலைதான் என்று தலையாட்டிவிட்டு, போகிக்கு அம்மாவை அழைத்துவரச் சொன்னார்.

பொங்கலுக்கு முதல் நாள் செட்டி வீடுகளில் முன்னோர்களுக்குப் படையல் போடுவார்கள். பார்ச்சு என்பது அவர்கள் பேச்சு. வாழை இலைகளை வரிசையாகப் போட்டு, சோறு, மீன், கறி, பலகாரம், பழம் எல்லாம் வைப்பார்கள். செத்தவர்களுக்கு என்ன பிடிக்குமோ அதுவும் இலையோரம் இருக்க வேண்டும், சுருட்டோ, வெற்றிலையோ, பிராந்தியோ. பிறகு சாம்பிராணி போட்டு, கூப்பிட்டுவிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். முன்னோர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து, அதே சாப்பாட்டை உயிரோடிருக்கிறவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்த வருஷம் மாமனார் தன் பாட்டன் முப்பாட்டன் வரிசையில் என் அப்பாவுக்கும் ஓர் இலை போட்டார். யாரும் கேட்டு அவர் அதைச் செய்யவில்லை.

சம்பந்திக்கு எது பிடிக்கும் என்று கேட்டார். கள்ளு, வேறென்ன. சைக்கிளை எடுத்துக்கொண்டு கள்ளுக்கடைக்குப் பறந்தேன். பண்டிகைக் கூட்டம் எனக்கு முன்னாலேயே பீப்பாயைக் கவிழ்த்திருந்தது. வெறுங்கையோடு திரும்பினேன். மாமனார் தன் பிராந்தியைத் தர வந்தார். அது அவர் அப்பாவின் இலைக்கு வைத்திருந்தது, எடுத்தால் அந்தப் பெரியவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா? கடைசியில் என் பாட்டில்தான் கைக்கு வந்தது. அப்பா வாழ்நாளில் விஸ்கியைத் தொட்டதில்லை. ஆனாலும் ஒரு தம்ளர் நிறைய, தண்ணீர் விடாமல் ஊற்றி, மன்னித்துக்கொள்ளப்பா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு இலையோரம் வைத்தேன். கதவைச் சாத்தினோம்.

அம்மா வழக்கம்போல வாசற்படியில்தான் இருந்தாள். மாமனார் கதவைத் திறக்கப் போகும்போது, வந்து பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். மரியாதைக்காக எழுந்து வந்தாள். கதவு திறந்தது. அடைத்துவைத்திருந்த அறையின் காற்று முழுக்க முகத்தில் வந்து மோதியது. சாம்பிராணி, மீன் குழம்பு, எல்லாவற்றுக்கும் மேலே அந்த விஸ்கி. அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அவரு சட்டைய யாரு கொண்டாந்து இங்க வச்சது?"

யாருக்கும் புரியவில்லை. எனக்கும் ஒரு கணம் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. அப்பா தோட்டத்தில் பால் வெட்டியவர் இல்லை. ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்துகிற கூடத்தில் வேலை பார்த்தவர். ஈர ஷீட்டுகளை மூங்கிலில் தொங்கவிட்டு, கீழே விறகு அடுக்கி, நெருப்பு அணையாமலும் கொழுந்துவிடாமலும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்தப் புகை அவரை விட்டுப் போகாது. சட்டையை வெளுத்துக் காயப்போட்டாலும் போகாது. நான் சின்ன வயதிலேயே படிப்புக்காக டவுனுக்கு வந்துவிட்டேன், பிறகு மூக்கு நிறைய டிஞ்சர். சனிக்கிழமைதோறும் நான் தேடிக்கொண்டிருந்த ஆள் என் அப்பாதான். அம்மாவுக்கு அவரைக் கண்டுபிடிக்க ஒரு மூச்சு போதுமாயிருந்தது.

நேராகப் போய் அந்த இலையின் முன்னால் உட்கார்ந்தாள். தம்ளரை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள், நெடுநேரம். எந்தத் துரையும் எந்த விஸ்கியையும் அவ்வளவு மரியாதையாக முகர்ந்திருக்க மாட்டான். கன்னத்தில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. கள்ளுக்காக அப்பாவோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது. "இதுக்குக் கள்ளே தேவல" என்றாள். மாமனாருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்த முகத்தைத் தெரியும். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

பிறகு சோற்றில் கை வைத்தாள். முதல் பிடியை இலையோரம் ஒதுக்கவில்லை. அவர்தான் சாப்பிட்டுவிட்டாரே. என் மனைவி கரண்டியைப் பிடித்தபடி மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்தாள். அம்மா சாப்பிட்டாள். நன்றாகவே சாப்பிட்டாள். நான் வெளியே போய், மிச்சமிருந்த அந்தத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் விடவில்லை. அன்றைக்குத்தான் அந்த விஸ்கியை முழுசாகக் குடித்தேன் என்று சொல்ல வேண்டும். உப்பும் இனிப்பும் இருந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால், வேலை முடிந்து வந்து என்னைத் தூக்கிக்கொள்கிற ஒருவர் இருந்தார். எந்தக் கடலுக்கு நடுவிலோ மண்ணை வெட்டி எரிக்கிற, முகம் தெரியாத அந்த ஜனங்களை மனசாரக் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பாட்டிலை இஷ்டத்துக்குத் தொடவில்லை. போகிக்குப் போகி ஒரு தம்ளர், அப்பா இலைக்கு. மிச்சத்தை நானும் மாமனாரும் ஆளுக்குக் கொஞ்சம். முட்டியில் தடவுவதைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. ஆனாலும் பாட்டில் என்ன, ஊற்றா? சில போகியிலேயே தீர்ந்துவிட்டது. சிங்கப்பூர் வரை சொல்லிவைத்தும் அந்தச் சரக்கு கிடைக்கவில்லை. அடுத்த போகி நெருங்கியது. கதவைத் திறக்கும்போது வெறும் சாம்பிராணிதான் வரும். அம்மா மறுபடி வாசற்படிக்குப் போய்விட்டால்? இந்தத் தடவை முன்கூட்டியே போய்க் கள்ளு வாங்கி வைத்தேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. என் மனைவிக்கும் இல்லை.

கதவைத் திறந்தோம். அம்மா உள்ளே வந்தாள். நான் அவசர அவசரமாக, பாட்டில் தீர்ந்துவிட்டது, எங்கும் கிடைக்கவில்லை, அந்த வாசனை இல்லாமல் அப்பா வருவாரோ மாட்டாரோ என்று உளறினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இனிமே அது எதுக்கு? அவருக்குத்தான் வழி தெரிஞ்சுபோச்சே."

உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள். மீன் துண்டு தீர்ந்ததும் இலையை மருமகள் பக்கம் நகர்த்தி, தனக்குத் தெரிந்த ஒரே மலாய் வார்த்தையில் இன்னும் கேட்டாள்.

"லாகி."