படுத்துக்கொண்ட முள்

மெல்போர்னுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், எழுபதுகளின் நடுவில், எங்கள் கிப்லா டப்பாவின் முள் படுத்துக்கொண்டது.

மக்காவின் திசை பார்த்துத் தொழுவதற்கான பித்தளைத் திசைமானி அது. காயல்பட்டினத்திலிருந்து கிளம்பும்போது உம்மாவின் வாப்பா அவள் கையில் கொடுத்தது. ஊரில் நிதானமாகச் சுழன்று நின்ற முள், கோபர்க் வாடகை வீட்டில் ஒரு முனை தட்டில் இடித்துக்கொண்டு கிடந்தது. டப்பாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் கூடவே திரும்பியது. புது மாப்பிள்ளை மாதிரி, சொந்தமாக ஓர் அபிப்பிராயம் கிடையாது.

சூரியன் விழுகிற பக்கம் மேற்கு, அதைப் பார்த்துத் தொழுதால் போச்சு என்றார் என் வாப்பா.

“இந்த ஊரு மானத்துல அது எங்கே இருக்குன்னு காட்டுங்க, தொழுதுக்கிறேன்” என்றாள் உம்மா.

வாப்பா ஜன்னல் வழியே வானத்தை மூடியிருந்த மேகத்தைப் பார்த்தார்.

மத்தியானம் கட்டிலடிப் பெட்டி நடுவீட்டுக்கு வந்தது. அதில் என் பருத்திச் சட்டைகள் ஏறின. ஸ்வெட்டர்கள் ஏறவில்லை என்பதிலிருந்து எங்கே போகிறோம் என்று எனக்கே விளங்கிவிட்டது. கிப்லா தெரியாத சீமையில் பிள்ளை வளர்க்க முடியாது, வாப்பா வேண்டுமானால் இருந்து சம்பாதிக்கட்டும் என்றாள் உம்மா. சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வாப்பா டப்பாவைத் தட்டினார், உலுக்கினார், ஊதினார். அலுத்துப்போய்ச் சாய்த்துப் பிடித்தபோது முள் விடுபட்டுச் சுழன்றது. எங்கள் ஊர்ப்பக்கம் பூமியின் காந்தம் முள்ளை மட்டமாகப் பிடிக்கிறது, தெற்கே வர வர ஒரு முனையைக் கீழே இழுக்கிறது என்பதெல்லாம் கணக்கு வாத்தியாரான அவருக்குத் தெரியாது. எனக்கும் நாற்பது வயதில் ஒரு புத்தகம் சொல்லித்தான் தெரியும். அவர் ஜன்னல் கட்டையில் டப்பாவை வைத்து, ஒரு பக்கம் அடியில் தீப்பெட்டியைச் செருகி, அது மட்டும் தெரியாதபடி திரைச்சீலையால் மறைத்தார். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

“சரியாப் போச்சு, வந்து பாரு. முள்ளுக்கு ஊரு மாறுன அலுப்பு, அவ்வளவுதான்.”

உம்மா முள்ளைப் பார்த்தாள். வாப்பாவின் முகத்தை அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

“அதுக்குமா?” என்று கேட்டாள்.

பிறகு பாயை விரித்துத் தொழுதாள். சாயங்காலம் சட்டைகள் அலமாரிக்குத் திரும்பின.

அவளை ஏமாற்றிய சதியில் நானும் பங்காளி என்ற கர்வத்தோடு பல நாள் திரிந்தேன். தினமும் காலையில் உம்மா ஜன்னல் கட்டையைத் துடைப்பாள். டப்பாவை எடுப்பாள், தீப்பெட்டியை எடுப்பாள், தூசி தட்டுவாள். பிறகு தீப்பெட்டியை முதலில் வைத்து, அதன்மேல் டப்பாவைப் பதமாகச் சாய்த்து, முள் அசைகிறதா என்று பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிடுவாள்.

பக்கத்தில் நின்றே பார்த்திருக்கிறேன். உம்மா இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று வாப்பாவின் காதில் போய்ச் சொல்லவும் செய்திருக்கிறேன்.