வரலாற்றுக்கு ஆள் பிடித்த கோடை

பேராசிரியர் வேலை என்பது ஆண்டில் பத்து மாதம் பாடம் நடத்துவதும், மீதி இரண்டு மாதம் அந்தப் பாடத்தைக் கேட்க ஆள் பிடிப்பதும். இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல வேகாத வெயிலில் கையில் நோட்டீஸோடு தெருத் தெருவாக அலைந்த வாத்தியார்கள் இருந்தால், நீங்கள் தலையாட்டுவது இங்கிருந்தே தெரிகிறது. மற்றவர்கள் இதை ஏதோ கல்யாணத் தரகரின் கதை என்று நினைத்துக்கொண்டு படிக்கலாம். வேலை ஏறக்குறைய அதுதான்.

சேலத்துப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். முன்பெல்லாம் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குப் பட்டம் சென்னையிலிருந்துதான் வரவேண்டும். எங்களுக்கென்று ஒன்று வந்த பிறகு தறிக்காரர் வீட்டிலும் லாரி டிரைவர் வீட்டிலும் பட்டதாரிகள் தலையெடுத்தார்கள். நானும் அப்படி வந்தவள்தான். அந்த நாளில் எம்.ஏ. வரலாற்றில் ஓர் இடத்துக்கு நாங்கள் சிபாரிசு தேடினோம். இப்போது துறைக்கு மாணவர்களைத் தேடிக்கொண்டு நான் சிபாரிசுக்குப் போகிறேன்.

பத்துக்கு ஒன்று குறைந்தால்

எங்கள் துறையில் தலைவர், நான், குமரவேல் என்று மூன்று பேர். தலைவருக்கும் எனக்கும் நிரந்தர வேலை. குமரவேல் கௌரவ விரிவுரையாளர். அதாவது ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் வேலை முடிந்து, மறுபடி புதுப்பித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இப்படியே புதுப்பித்துப் புதுப்பித்து நாற்பதைத் தாண்டிவிட்டார். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன.

இந்த ஆண்டு கோடை விடுமுறை தொடங்கும்போதே அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். முதலாண்டில் பத்துப் பேராவது சேரவேண்டும். குறைந்தால் வகுப்பு நடக்கும், ஆனால் கௌரவ விரிவுரையாளர் கிடையாது, இருப்பவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. தலைவர் இதைச் சொல்லி முடித்ததும், ஊர் ஊராகப் போய் ஆள் பிடிப்பது என்று முடிவாயிற்று. எனக்குக் கார் உண்டு, ஓட்டத் தெரியாது. குமரவேலுக்கு ஓட்டத் தெரியும். தலைவர் அதையும் யோசித்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

"கார் மேடத்துது, பெட்ரோலும் அவங்க போட்டுக்குவாங்க. ஓட்டறது நீ, குமாரு. அவசரம் உனக்குத்தானே."

கண்ணால் காணாத பல்கலைக்கழகம்

ராசிபுரத்தில் ஒரு பட்டு நெசவு வீடு. மகள் பி.ஏ. முடித்திருக்கிறாள் என்று யாரோ சொல்லிப் போனோம். தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்த அம்மா, எங்கள் நோட்டீஸை வாங்கி, மேலே இருந்த முத்திரையை வெகுநேரம் பார்த்தார். எங்கிருந்து வருகிறோம் என்று விளக்க வாயெடுத்தேன். அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து நீட்டினார். அவருடைய எம்.ஏ. வரலாற்றுப் பட்டம். எங்கள் பல்கலைக்கழகத்துத் தொலைநிலைக் கல்வியில் வாங்கியது.

நான் அசந்துபோனேன். புத்தகம் தபாலில் வந்ததாம், தறியில் உட்கார்ந்து படித்தாராம், தேர்வை உள்ளூர்க் கல்லூரியில் எழுதினாராம். பட்டமும் தபாலில்தான் வந்தது. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டார்கள், அதற்குமேல் அந்தப் பட்டத்துக்கு வேலை வரவில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் விழா மலர்களில் கட்டடங்களின் வரலாறு உண்டு, துணைவேந்தர்களின் வரலாறு உண்டு. இந்த அம்மாவைப் போல வாசலையே மிதிக்காமல் படித்துத் தேறியவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. மகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அந்த வீட்டில் பேச்சே நடக்கவில்லை.

"நான் படிச்ச யுனிவர்சிட்டிய நான் கண்ணால பாத்ததே இல்லீங்க மேடம். இவளாச்சும் நேர்ல போய் உக்காந்து படிக்கட்டுமுங்க."

எங்கள் கடையும் பக்கத்துக் கடையும்

நாமக்கல்லில் ஒரு கல்லூரி வாசலில், தேர்வு முடிந்து பிள்ளைகள் வெளியே வரும் நாளில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி பந்தலே போட்டிருந்தது. குளிர்ந்த மோர், பெயர் அச்சடித்த பை, தண்ணீர் பாட்டில், கழுத்தில் அட்டை மாட்டிய இளைஞர்கள். எங்கள் மேசையில் நோட்டீஸ் பறக்காமல் இருக்க ஒரு கல். பிள்ளைகள் அங்கே மோர் குடித்துவிட்டு, டம்ளரைப் போட இடம் தேடி எங்கள் பக்கம் வந்தார்கள்.

மத்தியானம் அந்தப் பந்தலின் தலைவர் போன்ற ஒரு பையன் எங்களுக்கும் மோர் கொண்டுவந்தான். நல்ல பிள்ளை. "உங்க ஆஃபர் என்னங்க மேடம்?" என்று தொழில்முறையில் விசாரித்தான். கட்டணம் குறைவு, நூலகம் பெரிது, விடுதி உண்டு என்றேன். அவ்வளவுதானா என்பது போலப் பார்த்தான். போகும்போது எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பை கொடுத்தான். மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டேன்.

"கெவுருமெண்டு சம்பளம் வாங்கறவங்க நீங்க, உங்களுக்கு எதுக்குங்க மேடம் இந்த வெயிலு?"

அவன் இரண்டு பேரையும் பார்த்துத்தான் கேட்டான். குமரவேல் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பை நல்லா கனமாத்தான் இருக்குதுங்க மேடம்."

சேர்கிறேன், வரமாட்டேன்

அதே ஊரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். அங்கே வேலை செய்துகொண்டிருந்த பையன் பி.ஏ. வரலாறு படித்தவன். எங்களைப் பார்த்ததும் நாற்காலி போட்டான். அவன் கேட்ட கேள்விகள் எல்லாம் நூலகத்தைப் பற்றியே இருந்தன. எப்போது திறக்கும், எப்போது மூடும், விடுதி அறையில் விளக்கை எத்தனை மணிக்கு அணைக்கச் சொல்வார்கள். பாடத்திட்டம் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரசு வேலைக்கான குரூப் தேர்வுக்குப் படிக்கிறவன் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

முன்பு இதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். நடுவில் வேலை கிடைத்தால் இனிப்புப் பெட்டியோடு வந்து காலில் விழுந்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்களும் சந்தோஷமாக இனிப்பைத் தின்றுவிட்டு, வருகைப் பதிவில் ஒரு பெயரை அடிப்போம். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சத்தமில்லாத ஓர் இடம் வீட்டில் கிடைக்காத பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்பது முதலில் அதுதான். பாடம் அப்புறம். பையன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைக் கொடுக்காமல் நின்றான்.

"சேர்ந்துக்கறனுங்க மேடம். ஆனா தெனமும் கிளாஸுக்கு வரச்சொல்லி மட்டும் கேக்காதீங்க."

டாக்டர் சாரின் நேர்காணல்

நாமகிரிப்பேட்டையில் ஒரு மஞ்சள் விவசாயி, மகன் பி.ஏ. முடித்தவன். களத்தில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. நான் எம்.ஏ. வரலாற்றின் பெருமையை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் என்னை விட்டுவிட்டு, சும்மா நின்றிருந்த குமரவேலைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் என்ன படித்தவர் என்று கேட்டார். எம்.ஏ., எம்.ஃபில்., டாக்டர் பட்டம், அதற்கு மேல் ஒரு தகுதித் தேர்வு என்று குமரவேல் ஒன்று விடாமல் சொன்னார். வேலை நிரந்தரமா என்றார் அவர். இல்லீங்க என்றார் இவர். நான் இருமினேன். என் இருமல் குமரவேல் காதில் ஏறவில்லை.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லித் தொலைத்தார். விவசாயி தப்பாக எதுவும் பேசவில்லை. எங்களுக்கு டீ வாங்கிவரச் சொன்னார், குமரவேலை உட்காரச் சொன்னார், பக்கத்தில் இருந்த மகனை ஒரு பார்வை பார்த்தார்.

"சார் இத்தன படிச்சே இப்படின்னா, என்ற பையன் டிராக்டரே ஓட்டிக்கட்டுமுங்க சாமி."

காரில் ஏறியதும் குமரவேலைப் பிடித்துத் திட்டினேன். இனிமேல் நீங்கள் வண்டி மட்டும் ஓட்டுங்கள், பேச்சு என்னுடையது என்றேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். "சரிங்க மேடம். என்னப் பாத்தா ஆளு சேராதுங்கறது எனக்கே தெரியுதுங்க."

தம்மம்பட்டியில் கேட்ட கேள்வி

கடைசி நாளுக்கு முந்தின நாள். ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். தம்மம்பட்டிக்கு வெளியே மரவள்ளிக் காட்டுக்குள் ஒரு வீடு. அங்கே தர்ஷினி என்று ஒரு பெண். பி.ஏ. வரலாற்றில் அவள் கல்லூரியில் முதல் மதிப்பெண். ஆத்தூரில் ஒரு கல்லூரியில் பி.எட். இடமும் கிடைத்திருந்தது. பணம் கட்ட அங்கேயும் மறுநாள்தான் கடைசி. அவள் அப்பா, மேடம் எது சொன்னாலும் சரி என்று ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

"எங்க ஊர் மலைங்கள்ல இருக்கிறவங்களப் பத்தி புக்குல ஒரு பக்கங்கூட இல்லையே மேடம், அதெல்லாம் யாரு எழுதுவாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். எத்தனையோ ஆண்டுகளாக வகுப்பில் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறேன். நீதான் எழுதவேண்டும், அதற்குத்தான் வா என்றேன். பொய்யாகச் சொல்லவில்லை. அவள் முகம் மலர்ந்தது. விண்ணப்பத்தை நிரப்பியாயிற்று, அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் அவள் பேனாவோடு எழுந்து, வாசலில் கார் பக்கம் நின்றிருந்த குமரவேலிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். "சார், நீங்க என் எடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். பேசக்கூடாது என்று நான் சொல்லியிருந்தது நினைவிருந்திருக்கும். பிறகு அவளிடம், வீட்டில் யார் யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டார். அப்பா மட்டும்தான் என்றாள். "அப்படின்னா பி.எட். மொதல்ல முடிச்சுரு கண்ணு. கையில ஒரு வேலை வந்துட்டா அப்புறம் எம்.ஏ.வ உங்கிட்ட இருந்து யாரும் புடுங்க முடியாது. இந்தக் கேள்விய மட்டும் உட்றாத" என்றார். அவள் பேனாவை மூடினாள்.

காரில் திரும்பினோம். அவள் எங்களிடம் வரவேண்டிய பெண் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் சொன்னது தப்பு என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. பத்தாவது ஆள் இல்லையென்றால் போகப்போவது யார் என்று மறந்துவிட்டதா என்று மங்களபுரம் தாண்டியதும் கேட்டே விட்டேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மறக்கலீங்க மேடம். அந்தப் புள்ள கேட்டது எங்கிட்டத்தானுங்க. டிபார்ட்மெண்ட்கிட்ட கேட்டிருந்தா நீங்க பதில் சொல்லியிருப்பீங்க."

ஒரு தொலைபேசி

மறுநாள் யாரும் வரவில்லை. ஒன்பதோடு நின்றது. தலைவர் அலுவலகத்துக்கு இரண்டு முறை படியேறிப் பார்த்தார், நானும் கூடப் போனேன். ஒன்பதும் பத்தும் அவ்வளவு தூரமா என்று கேட்டோம். விதி என்றார்கள். குமரவேல் தன் மேசையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது திருச்செங்கோட்டில் மைத்துனர் வைத்திருக்கும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் உதிரிபாகக் கடையில் உட்காருகிறார். அவருடைய கொங்கு நாட்டு வரலாற்றுப் பாடத்தை நான் எடுக்கிறேன். அவர் அளவுக்கு எனக்கு வரவில்லை என்று பிள்ளைகள் சொல்லவில்லை, முகத்தில் தெரிகிறது.

வகுப்புகள் தொடங்கிய வாரம் தர்ஷினி அழைத்தாள். ஆத்தூரில் சேர்ந்துவிட்டாளாம். நோட்டீஸில் என் எண் மட்டும் இருந்ததால் என்னிடம் சொல்கிறாளாம். இங்கே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவள் குரலில் அவ்வளவு உற்சாகம்.

"சார்கிட்ட சொல்லிருங்க மேடம். ரெண்டு வருசத்துல பி.எட். முடிச்சுட்டு, எம்.ஏ.வுக்கு அவரு கிளாஸுக்கே வந்துருவேன்னு."

சேர்ந்த ஒன்பது பேருக்கும் நாங்கள் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம். வாத்தியார் கிடைத்தது, சேராமல் போன அந்த ஒருத்திக்குத்தான்.