ஏரியைத் தூர்க்கும் வித்தையைப் பார்க்கப் பெங்களூர் போனேன்

1963 மே மாதம் நான் பெங்களூர் போனது லால்பாக்கில் ரோஜாப் பூ பார்க்க அல்ல. மூடிய ஏரி ஒன்றைப் பார்க்கப் போனேன். இப்படியும் ஒரு யாத்திரையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டுக்காரரும் சிரித்தார்.

எங்கள் ஊர் ஜோலார்ப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முனிசிபாலிடி. நான் அதில் கவுன்சிலர், பெண் என்று இருப்பது நான் ஒருத்திதான். ஊர் நடுவில் பெரிய ஏரி. அதை மூடி அதன் மேல் பஸ் ஸ்டாண்டு கட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவள் நானேதான். ஏரியில் கொசு, பஸ்கள் நிற்பதோ கடைத்தெரு நடுவில். குழாய்த் தண்ணீர்த் திட்டம் வேறு வரப்போகிறது, பிறகு ஏரி எதற்கு என்று கேட்டேன். வீட்டுக் கிணறுகள் என்ன ஆகும் என்று எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "ஏரி வேற, கிணறு வேற. உங்க வீட்டுக் கிணத்துக்கு யார் வந்து ஊத்தறாங்க?" என்று நான் மடக்கியதும் சபையில் கைதட்டல் அதிர்ந்தது. பாதிப் பேர் என் பக்கம், பாதிப் பேர் எதிர்ப் பக்கம். இரண்டு பேர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. பெங்களூரில் இதைச் செய்து முடித்துவிட்டார்களாம், அம்மா நேரில் பார்த்துவந்து சொல்லட்டும், அடுத்த கூட்டத்தில் ஓட்டு எடுக்கலாம் என்றார் சேர்மன்.

ஜோலார்ப்பேட்டையில் காலை ஆறு பத்துக்கு ரயில். மூன்றாம் வகுப்பு, மூன்று ரூபாய் நாற்பது காசு. பங்காருப்பேட்டையில் இட்டிலி வாங்காதீர்கள், சட்டினி புளித்திருந்தது. பத்தே முக்காலுக்குச் சிட்டி ஸ்டேஷனில் இறங்கினேன். என் கொழுந்தனார் சேது வந்திருந்தார். மல்லேஸ்வரத்தில் வீடு, செக்ரடேரியட்டில் உத்தியோகம், பாதிப் பேச்சு கன்னடம்.

அவர் வீட்டில் முதல் வேலையாகக் குழாயைத் திறந்து கால் கழுவினேன். கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் அவ்வளவு சுத்தம். சேது வந்து மெதுவாகக் குழாயை மூடினார்.

"அண்ணி, இங்க மீட்டர் இருக்கு. பாருங்க, ஓடுது."

சுவரோரம் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. கண்ணாடிக்குள்ளே முள் நகர்ந்துகொண்டிருந்தது. தண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள்! எங்கள் ஊரில் பாலுக்குக்கூட இத்தனை கறார் கிடையாது. மணலில் வடிகட்டி, மருந்து போட்டு, குழாயில் அனுப்பி, வீட்டுக்கு வீடு அளக்கும் ஒரு சர்க்கார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தீர்மானம் கொண்டுவந்த என்னையே மெச்சிக்கொண்டு இரண்டு டம்ளர் காபி குடித்தேன்.

மறுநாள் ஞாயிறு, காலை ஒன்பதரைக்குச் சேதுவும் நானும் கிளம்பினோம். மல்லேஸ்வரத்திலிருந்து மார்க்கெட்டுக்கு ஒரு பஸ், மார்க்கெட்டிலிருந்து அடுகோடிக்கு இன்னொன்று. ஆளுக்கு மொத்தம் நாற்பது காசு, ஒன்றேகால் மணி நேரம். அடுகோடி தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் அந்த இடம். ஏரி இருந்த சுவடே இல்லை. நேர் நேரான தெருக்கள், சின்னச் சின்ன வீடுகள், ஒரு லாரி ஒர்க்‌ஷாப், ஒரு விளையாட்டு மைதானம். கொசு இல்லை, சேறு இல்லை. நோட்டுப் புத்தகத்தில் வரைபடமே போட்டுக்கொண்டேன். எங்கள் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை எந்த மூலையில் வரவேண்டும் என்பது வரைக்கும் குறித்தேன்.

மணி பன்னிரண்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. ஓரமாக இருந்த பழைய ஓட்டு வீட்டு வாசலில் ஓர் அம்மாள் ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். பெயர் சரோஜா என்று பிறகு தெரிந்தது. பூர்வீகம் ஆம்பூர்ப் பக்கம், கணவருக்கு மில்லில் வேலை. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். உள்ளே போய்க் கொண்டுவந்தாள். அரை டம்ளர்.

நான் டம்ளரைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். தண்ணீர் கேட்டு வந்தவருக்குச் சொம்பு நிறையக் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். எதிரியாக இருந்தாலும் சொம்புதான்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. கொழா நாளைக்குக் காலைலதான் வரும். வூட்ல ஆறு பேரு கீறோம்," என்றாள்.

"பின்னால கிணறு இருக்கே?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, "வாம்மா, பாரு," என்று கூட்டிப் போனாள்.

கிணற்று ராட்டினத்தின் பக்கத்தில் கயிறு சுருட்டிக் கிடந்தது. ஒரே கயிறு இல்லை, ஒட்டுப் போட்டது. அவள் ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுக் காட்டினாள்.

"இந்த நார்க் கயிறு நாங்க குடிவந்தப்போ வாங்கினது. அப்பல்லாம் இதுவே மிச்சம். கெரெய ஒடச்ச வருசம் இந்தத் துண்டு கட்னோம். அடுத்த கோடைக்கு இது, லாரிக் கயிறு. அதுக்கு அடுத்தது என் பொடவைதான், கிழிச்சித் திரிச்சேன்."

கெரெ என்றால் கன்னடத்தில் ஏரி. அது எனக்குத் தெரியும். தெரியாதது மற்றது எல்லாம்.

"இப்போ?"

"இப்போ இன்னாத்த கட்டறது? கட்னாலும் கீழ எதாச்சும் இருக்கணுமே."

ஒரு கல்லை எடுத்துப் போட்டேன். வெகுநேரம் கழித்து மண்ணில் விழுந்த சத்தம் வந்தது. ஏரி வேறு, கிணறு வேறு என்று சொன்ன வாய் என் வாய்தான். எங்கள் ஊரில் ஏரியைச் சுற்றி எத்தனை கிணறு என்று எண்ண ஆரம்பித்தேன், எண்ணி முடிக்கவில்லை.

"ஏரிய மூட யாரும் வேணாம்னு சொல்லலையா?" என்று கேட்டேன்.

"ஏன் சொல்லணும்? எங்க வூட்டுக்காரரே சரின்னு கையெழுத்துப் போட்டாரு. கொசு போயிடும், வூடு கட்ட சைட்டு கெடைக்கும்னாங்க. கொசு போச்சு, பொய் சொல்லக்கூடாது. கொழாவும் போட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "உங்க ஊர்ல கெரெ கீதா?"

"இருக்கு."

"தண்ணி கீதா அதுல?"

"இருக்கு."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா இங்க வந்து பாக்கற?"

நான் நோட்டுப் புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். சேதுதான், "அண்ணி, பஸ் போயிடும்," என்று காப்பாற்றினார்.

அன்று ராத்திரி படுத்தபடியே யோசித்தேன். சரி, கிணறு போனால் போகட்டும், குழாய்தான் இருக்கிறதே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துச் சேது ஒரு நாள் லீவு போட்டார்.

மாகடி ரோட்டில் சுமார் பதினெட்டு மைல் போனால், குழாய்த் தண்ணீர் வரும் அணை. பஸ்ஸுக்கு ஆளுக்குத் தொண்ணூறு காசு. காலை ஏழரை பஸ்ஸைப் பிடியுங்கள், அடுத்ததில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். இறங்கி இரண்டு மைல் நடை, நிழல் கிடையாது. பம்ப் ஹவுஸுக்குள் போக முன்கூட்டி அனுமதிக் கடிதம் வேண்டும். சேது அதற்குள் செக்ரடேரியட்டில் சொல்லி வாங்கி வைத்திருந்தார்.

அங்கே ஆபரேட்டர் அல்சூர்த் தமிழர், நடுத்தர வயது. மோட்டார் இரைச்சலில் கத்திக் கத்திப் பேசினார்.

"அணை பள்ளத்துல கீது, பெங்களூரு மேட்டுல கீது. தண்ணி தானா ஏறுமா? நாங்க தள்றோம். நானூறு, ஐந்நூறு அடி!"

"மோட்டார் நின்னுட்டா?"

"நின்னா ஊரு நின்னுடும் மேடம்," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். "இதுவே பத்தலைன்னு காவேரிலேருந்து கொண்டாரப் பேச்சு நடக்குது. அறுபது மைல். ஆயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல ஏத்தணும்."

காவேரியை மலை ஏற்றுவதா? நான் பிளந்த வாயை மூடவில்லை. வெளியே வந்து அணையைப் பார்த்தேன். மே மாதம் அல்லவா, தண்ணீர் கீழே போய்க் கரைப் பாறை எல்லாம் வெளியே தெரிந்தது.

ஒன்று சொல்லவேண்டும். அந்த எஞ்சினீயர்களின் மூளையை நான் குறை சொல்லவில்லை, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர்களுக்கு மின்சாரம் இருக்கிறது, ராஜ்யத்தின் கஜானா இருக்கிறது. ஊருக்குள் இருந்த தண்ணீர் போனால் பதினெட்டு மைல் போவார்கள், அதுவும் தீர்ந்தால் அறுபது மைல் போவார்கள். எங்கள் முனிசிபல் ஆபீஸ் மின்விசிறி ஒரு நாளில் மூன்று தடவை நிற்கும். முப்பது மைல் சுற்றளவில் வற்றாத ஆறு கிடையாது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொள்ளக் கிளம்பியிருந்தது. அந்தப் பூனை நான்தான்.

ஊர் திரும்பி, அடுத்த கூட்டத்தில் எழுந்து, பார்த்ததை எல்லாம் சொல்லி, என் தீர்மானத்தை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். சேர்மன், சபை சம்மதித்தால்தான் வாபஸ் என்றார். என் கட்சிக்காரர்களே சம்மதிக்கவில்லை. பிடிகொடுக்காத அந்த இரண்டு பேரில் ஒருவர் எழுந்து, "போன கூட்டத்துல அம்மா பேசினதைக் கேட்டுத்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. அவ்வளவு தெளிவாச் சொன்னாங்க," என்று கையைத் தூக்கினார். மற்றவரும் தூக்கினார். இரண்டு பக்கமும் சமமாக வந்து, சேர்மன் ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்துத் தூக்கிய கைகளில் என் கையும் ஒன்று.

இப்படி ஒரு பயணம் போகிறவர்களுக்குச் சில விஷயம். மே மாதத்தில் போங்கள், மழைக்காலத்தில் எல்லா ஏரியும் அழகுதான். குடையும் தண்ணீரும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீசில் காட்டும் வரைபடத்தோடு நிறுத்தாமல் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேளுங்கள். முக்கியமாக, பேசுவதற்கு முன்னால் போங்கள்.

போன வாரம் எங்கள் ஏரிக் கரையை வெட்டினார்கள். தண்ணீர் வடிய நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் ஊரே கூடையும் துணியுமாகச் சேற்றில் இறங்கி மீன் பிடித்தது, திருவிழாக் கூட்டம். நான் ஓரமாக நின்றேன். யார் வீட்டுப் பெண்ணோ, முழங்கால் வரை சேறு, சிரித்துக்கொண்டே ஓடிவந்து துடிக்கிற விரால் இரண்டை என் கையில் திணித்தாள்.

"உங்க புண்ணியத்துலதாம்மா," என்றாள்.