பதினெட்டாயிரம் பேர்

என் ஷேர் ஆட்டோவின் முன்கண்ணாடி ஓரம், லைசென்ஸோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் இரண்டு ரத்தப் பரிசோதனைத் தாள்கள் இருக்கின்றன. ஒன்றில் வெள்ளை அணு பதினெட்டாயிரம், மற்றதில் ஏழாயிரம். இரண்டும், பம்மலில் நாங்கள் லேப் அக்கா என்று கூப்பிடும் பெண்மணி பரிசோதித்துக் கொடுத்தவை. வண்டியில் ஏறுகிறவர்களின் பேச்சையெல்லாம் பொறுக்கிச் சேர்க்கிறவன் நான். அக்கா சொன்னவற்றுக்கு அதில் தனி இடம்.

சில வருஷங்களுக்கு முன், அனகாபுத்தூரில் மழைத்தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் தள்ளும்போது வலது பாதத்தில் ஆணி ஏறியது. மூன்றாம் நாள் கால் சுரைக்காய்போல வீங்கிக் குளிர்க்காய்ச்சல் வந்துவிட்டது. சீழ் மேலே ஏறினால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். பிரேக் மிதிக்கிற கால்! அதை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அக்கா என் சீழில் ஒரு துளியைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். இளஞ்சிவப்பாய் ஒரு வெள்ளை அணு. அதன் வயிற்றுக்குள் ஊதாப் புள்ளிகளாய்க் கிருமிகள்.

“பாத்தியா, முழுங்கிட்டான். இப்டி சண்ட போட்டு செத்தவன்தான் நீ மூஞ்ச சுளிக்கிற சீழு. எலும்புக்குள்ளருந்து இன்னும் ஆளுங்க கெளம்பி வந்துகினே கீறாங்க.”

குண்டூசித் தலையளவு ரத்தத்தில் பதினெட்டாயிரம் பேராம். பெருமை தாங்காமல் தாளை ஸ்டாண்டில் காட்டினேன். “அத்தினி பேரையும் ரேஷன் கார்டுல சேத்துட்டியா மச்சான்?” என்றான் ஒருவன்.

பத்து நாள் ஊசி, மாத்திரைக்குப் பிறகு மறுபரிசோதனை. கவுண்டரில் தாளை வாங்கி நானே படித்தேன்: ஏழாயிரம். பதினோராயிரம் பேர் தோற்றுப்போனார்கள், கால் அவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். டாக்டரிடம் போகப் பயந்து, இரண்டு நாள் மாதுளையும் பேரீச்சையுமாகத் தின்றேன். பிறகு அக்கா முன்னால் போய் நின்றேன்.

“எப்டியாவது ஏத்திக் குடுக்கா.”

“ஜுரம் கீதா?”

“இல்லக்கா.”

“வீக்கம்?”

“வத்திடுச்சு.”

அக்கா சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “பின்ன இன்னாடா பேஜாரு? புள்ளையார் ஊர்வலம் முடிஞ்சாச்சு. இன்னும் எதுக்கு லாரி லாரியா போலீச எறக்கணும்? ஜெயிச்சிட்ட, போ. டாக்டராண்ட காட்டு.”

டாக்டரும் அதையேதான் சொன்னார், ஆனால் சிரிக்காமல்.

போன வாரம் அக்கா என் வண்டியில் ஏறினார். உறையைப் பார்த்துவிட்டு, “இத இன்னுமா வெச்சிகினு கீற?” என்றார். லேப் வாசலில் வலது காலை அழுத்தி வண்டியை நிறுத்தினேன். இறங்கியவர் அந்தக் காலை ஒரு பார்வை பார்த்தார்.

“மெதுவா மிதிடா. உள்ள ஏழாயிரம் பேரு டூட்டில கீறாங்க.”